பின்பாரம்

போன வாரம் அத்தான் வீட்டு முற்றத்தில் அந்த இரும்புக் குண்டில் மறுபடியும் காலை இடித்துக்கொண்டேன். ஜீப்பின் பின்பக்கம், நம்பர் பிளேட்டுக்குக் கீழே, கட்டையான ஒரு கம்பியின் நுனியில் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசாக அது துருத்திக்கொண்டிருக்கும். இன்ஜின் இல்லாத கேரவன் வண்டியின் கழுத்தை அதன் மேல் கவிழ்த்துப் பூட்டினால் ஜீப் கேரவனை இழுத்துக்கொண்டு போகும். இழுக்காத நாளில் அந்தக் குண்டுக்கு ஒரே வேலைதான், போகிற வருகிறவர்கள் காலைப் பதம் பார்ப்பது. முட்டிக்குக் கீழே எலும்பும் தோலும் மட்டும் இருக்கிற இடமாகப் பார்த்து இடிக்கும். அக்கா உயிரோடு இருந்தவரை அதற்கு ஒரு தொப்பி போட்டு வைத்திருந்தாள். பாதித் தேங்காய்ச் சிரட்டைக்குள் பழைய துணியை அடைத்து, மேலே தன் ஊதாச் சேலையின் கிழிசலைச் சுற்றி, கயிறு வைத்துக் கட்டிய தொப்பி. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அத்தான் அதைப் பிடுங்கி எறிவார். அக்கா மறுநாள் இன்னொன்று செய்து கட்டுவாள். போன வாரம் குண்டு மொட்டையாக நின்றது. வண்டியை வாங்க ஆள் வருகிறது, நீயும் வந்து நில்லு என்று அத்தான் கூப்பிட்டதால் போனவள், ஆள் வருவதற்கு முன்பே காலில் ரத்தத்தோடு நின்றேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் மட்டுமில்லை, வீட்டிலும் அவர்தான் சீஃப். வருஷத்தில் முக்கால்வாசி கடலில் இருப்பார். தூத்துக்குடி மில்லர்புரத்தில் இந்த வீட்டைக் கட்டியதும், பிள்ளைகளை வளர்த்ததும், தண்ணீர் வராத நாளில் குடத்தைத் தூக்கியதும், அவருடைய அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் கல்லறைக்கும் கொண்டுபோனதும் அக்கா. அதற்காக அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பிறந்தநாளுக்கு அத்தானிடமிருந்து ஒரு போன்கூட வராது. இவளே கடைக்குப் போய் ஒரு சேலை எடுத்துக்கொண்டு வந்து, "அவுக எடுத்துக்கிடச் சொன்னாக" என்று எங்களிடம் காட்டுவாள். அவர் அப்படிச் சொல்லவில்லை என்று எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அந்தச் சேலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான எனக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பட்டாசு. அக்காவிடம் மட்டும் அந்தப் பட்டாசு நமுத்துப் போய்விடும்.

அக்காவுக்கு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். கோயிலில், சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், பாடகர் குழுவில் அவள் ஆல்டோ, பெண்குரல்களில் தணிந்த குரல். நாசரேத்தில் படித்த காலத்திலேயே பாடத் தொடங்கி, கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தபின் இங்கே சேர்ந்துகொண்டாள். டிசம்பரில், கிறிஸ்மஸ் பாட்டுகளாகவே நடக்கிற கீத ஆராதனை வரும். ஐப்பசி மழை தொடங்கும்போதே இவள் அடுக்களையில் ஆல்டோவைத் தனியாகப் பாடிக்கொண்டிருப்பாள். தனியாகக் கேட்டால் அது பாட்டு மாதிரியே இருக்காது, இரண்டு மூன்று சுரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். மற்ற குரல்கள் சேரும்போதுதான் அது என்ன செய்கிறது என்று புரியும். பாடகர் குழு மேலே மாடத்தில் நிற்கும், குடும்பங்கள் கீழே பெஞ்சில் இருக்கும். எங்கள் பெஞ்சில் அத்தானின் இடம் எப்போதும் காலி. அவர் ஏதோ ஒரு துறைமுகத்தில் இருப்பார். அக்கா அவரிடம் கேட்டது இதைத்தான். ரிட்டையர் ஆகி வந்தபின் ஒரு கிறிஸ்மஸுக்கு அவர் கீழே பெஞ்சில் உட்கார வேண்டும், அவள் மேலே நின்று பாட வேண்டும், அவர் கேட்க வேண்டும். நகை கேட்கவில்லை, சிங்கப்பூர் கேட்கவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னாள்.

அத்தான் ரிட்டையர் ஆனார். வந்து இறங்கியதும் முதல் வேலையாக ஒரு பெரிய ஜீப் வாங்கினார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்குமாம், சேற்றில் புதையாதாம், மலையே ஏறுமாம். தூத்துக்குடியில் மலைக்கு எங்கே போவது? உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் உப்பின் மேல்தான் ஏற வேண்டும். பிறகு கோயம்புத்தூரில் சொல்லிவைத்து ஒரு கேரவன் செய்து கொண்டுவந்தார். வெள்ளை நிறம், இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, மடக்கு மேஜை, சின்னதாக ஒரு குளியலறை. வெளிநாட்டில் ரிட்டையர் ஆனவர்கள் எல்லாரும் இப்படித்தான் குளிர்காலத்தில் கேரவனை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார்களாம். அதற்காக உள்ளே ஒரு ஹீட்டர் வேறு வைத்திருந்தார். மார்கழியிலும் மின்விசிறி போடாமல் தூங்க முடியாத ஊரில் ஹீட்டர்! தெருவில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்து, "அண்ணாச்சி, எந்த நடிகர் வந்திருக்காரு?" என்று கேட்டார்கள். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை, வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் வீட்டுக்கு வருவதற்காகக் காத்திருந்தவள் அவள். அவர் வந்தார், வந்த கையோடு இன்னொரு வீட்டைச் செய்து சக்கரத்தில் ஏற்றிவிட்டார்.

முதல் பயணத்துக்கு அவர் குறித்த நாள் கீத ஆராதனைக்கு முந்தின நாள். நாள் தெரியாமல் குறித்தார் என்று சொல்ல முடியாது. பாட்டுத்தாள் அடுக்களையில் காலண்டருக்குப் பக்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கடலோரமாகவே கன்னியாகுமரி போய், அங்கிருந்து கேரளா. அக்கா மெதுவாகத்தான் சொன்னாள், "ஏங்க, ஞாயித்துக்கெழம பாடிட்டு திங்கக்கெழம கெளம்புவோமா?" என்று. அவர் டார்ச் லைட்டுக்கு பேட்டரி போட்டுக்கொண்டே, "இத்தன வருசம் பாடிட்டல்லா ளா, போதும். பாட்டு எங்க போயிரப் போவுது?" என்றார். அக்கா பாட்டுத்தாளை எடுத்து மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு முட்டிவலி இருந்ததால் துணைக்கு நானும் வர வேண்டும் என்று கூப்பிட்டாள். அரைப்பரீட்சை லீவு தொடங்கியிருந்தது. அந்த மனுஷனோடு அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, போனேன்.

பாரம் ஏற்றியதை நான் கண்ணால் பார்த்தேன். இதைப் பார்த்தேன் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, பிற்பாடு நடந்தது அப்படி. தூத்துக்குடிக்காரர்களுக்கு வேற்றூர்த் தண்ணீரை நம்பிக் கிளம்பத் தெரியாது. குடிக்கிற தண்ணீருக்குப் பட்ட பாடு அப்படி. இரண்டு நீல டிரம் நிறைய ஆற்றுத் தண்ணீர் பிடித்து வைத்தது அக்காதான். அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர் அத்தான். கேரவனின் பின்சுவரை ஒட்டி இரண்டு டிரம்மையும் நிறுத்தி, அதற்குப் பக்கத்திலேயே கப்பலிலிருந்து கொண்டுவந்த இரும்புக் கருவிப்பெட்டியையும், உபரிச் சக்கரத்தையும், அரிசிப் பையையும் அடுக்கினார். எங்கள் அப்பா நாசரேத் பக்கம் வயலும் வண்டியும் வைத்திருந்தவர். நெல்மூட்டை ஏற்றும்போது முன்பாரம் பின்பாரம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டுக்குக் கழுத்துக் கயிறு இறுகும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கேரவனின் மூக்கு ஜீப்பின் குண்டிலிருந்து எழும்பப் பார்ப்பதைக் கண்டதும் அக்கா சொல்லிவிட்டாள்.

"ஏங்க, எல்லாத்தையும் பின்னால கொண்டு வச்சிட்டிய. பின்பாரமால்லா இருக்கு. டிரம்ம கொஞ்சம் முன்னால தள்ளி வைங்க."

"ஏளா, இது ஒங்க அப்பா மாட்டு வண்டி இல்ல. கப்பலுக்குப் பின்பக்கம் ஒரு பிடி அமுங்கி நின்னாத்தான் ப்ரொபெல்லர் தண்ணியப் பிடிக்கும். அதுக்குப் பேரு ட்ரிம்."

நான் சும்மா இருக்கிறவளா? "அத்தான், கப்பலப் பின்னால இருந்து தள்ளுது. இத முன்னால இருந்துல்லா இழுக்கப் போறிய?" என்று கேட்டேன். "டீச்சர், அத போய் ஒங்க பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுங்க" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. வாழ்நாள் முழுக்கக் கப்பலின் வயிற்றுக்குள் இருந்த மனிதர், கரையில் ஓடுகிற எல்லாவற்றையும் கப்பல் என்று நினைத்துக்கொண்டார். சொல்லிக்கொடுக்க இரண்டு பேர் பக்கத்திலேயே நின்றோம். இரண்டு பேரும் பெண்கள், அதுதான் விஷயம்.

காலையிலேயே கிளம்பினோம். மழை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது மேகம் மறுபடி கூடி, தூறலாக விழுந்துகொண்டிருந்தது. அத்தான் சந்தோஷமாக இருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணாடியில் கேரவனைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். திருச்செந்தூர் சாலையில் ஊர் எல்லை தாண்டியதுமே அது வாலை ஆட்டத் தொடங்கிவிட்டது. பின்னால் யாரோ ஜீப்பைப் பிடித்து உலுக்குகிற மாதிரி இருக்கும், பிறகு நிற்கும். "காத்து" என்றார் அத்தான். ஆற்றுப் பாலம் ஏறும்வரை அந்தக் காற்று விட்டு விட்டு அடித்தது. பாலத்திலிருந்து இறங்குகிற சரிவில் ஒரு லாரி எங்களை முந்திக்கொண்டு போனது. அப்போது கேரவன் இடது பக்கம் ஒரு வீச்சு, வலது பக்கம் ஒரு வீச்சு, மறுபடி இடது பக்கம் அதைவிடப் பெரிய வீச்சு. ஜீப்பின் பின்சக்கரம் தரையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அத்தான் பிரேக்கை ஓங்கி மிதித்தார். அதற்கப்புறம் சாலையைச் சன்னல் வழியாக மேலே பார்த்தேன். கேரவன் வாழைத் தோட்டத்துக்குள் மல்லாந்து கிடந்தது. ஜீப் அக்கா உட்கார்ந்திருந்த பக்கமாகச் சாய்ந்து வாய்க்காலில் கிடந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான், நாலும் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

தோட்டத்து ஆட்கள்தான் கதவைத் திறந்து எங்களைத் தூக்கினார்கள். எனக்கும் அத்தானுக்கும் சிராய்ப்புத்தான். அக்காவால் இடது காலை ஊன்ற முடியவில்லை. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அவளை ஒரு சாக்கின் மேல் கிடத்தியிருந்தார்கள். கேரவனின் பின்கதவு பிளந்து நீல டிரம்கள் உருண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு வயதான ஒருவர் கேட்டார், "அண்ணாச்சி, யாரு இப்படிப் பின்னால கொண்டு பாரத்த ஏத்துனது?" அத்தான் வாயைத் திறந்தார், திறந்தபடியே நின்றார். அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்றால், எல்லாரும் பார்க்க வேட்டி அவிழ்ந்துவிட்டவன் முகம் மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த அக்கா அந்த முகத்தைப் பார்த்தாள். "நாந்தான். தண்ணி டிரம்ம பின்னால வைக்கச் சொன்னேன். அவுகளுக்குத் தெரியாது" என்றாள். அத்தான் வாயை மூடிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீத ஆராதனை நடந்தது. அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். பிறகு ஆபரேஷன், அதன் பிறகு வாக்கர். மாடத்துப் படி ஏறுவது இனி முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாடகர் குழுவில் அவள் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். எழுந்து நடமாட ஆரம்பித்தபின், எங்கள் வழக்கப்படி ஸ்தோத்திரக் காணிக்கை வைத்துச் சாட்சி சொல்லப் போனாள். பிழைத்து வந்தவர்கள் சபைக்கு முன்னால் நின்று நடந்ததைச் சொல்லி நன்றி சொல்வது அது. அங்கே பொய் சொல்லக் கூடாது என்று எங்கள் வீட்டில் எழுதி ஒட்ட வேண்டியதில்லை. விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாமல் வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அத்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், எத்தனையோ வருஷம் காலியாகக் கிடந்த அதே இடத்தில். அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "என் அறியாமையினால் பாரத்தைத் தவறாக ஏற்றச் சொன்னேன். ஆனாலும் கர்த்தர் எங்களைக் கைவிடவில்லை" என்றாள். சொல்லும்போது என்னை ஒரு தடவை பார்த்தாள், வாயைத் திறக்காதே என்கிற பார்வை. சபை சொல்வதற்கு முன்பே, எல்லாரையும்விடச் சத்தமாக, அத்தான் "ஆமென்" என்றார்.

கோயிலில் அவர் அவள் குரலைக் கேட்க வேண்டும் என்றுதானே அவள் ஆசைப்பட்டாள்? கேட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் அக்காவிடம் சண்டைக்குப் போனேன். ஏன் இப்படிச் செய்தாய், அதுவும் கோயிலில் வைத்து, என்று கத்தினேன். அவள் வாக்கரைச் சுவரில் சாய்த்துவிட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "அவுகளுக்குத் தெரிஞ்சது இன்ஜின் ஒண்ணுதான் ளா. வீடு தெரியாது, பிள்ளைய தெரியாது. அந்த இன்ஜினும் தெரியலன்னு ஊரு முன்னால ஆகணுமா?" என்றாள். எனக்கு அந்தப் பதில் அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. பெருந்தன்மை என்று சபையில் சிலர் சொல்லக்கூடும். எனக்கு அது பெருந்தன்மையாகத் தெரியவில்லை. ஒரு மனிதர் தன் தப்பைத் தானே பார்க்கவிடாமல் வாழ்நாள் முழுக்கத் துணி போட்டு மூடிக்கொண்டே இருந்தாள், அவரும் மூடட்டும் என்று நின்றுகொண்டே இருந்தார். ஊரில் பேச்சு நிலைத்துவிட்டது. மார்க்கெட்டில் என்னைப் பார்க்கிறவர்கள், "ஒங்க அக்கா தெரியாம தண்ணிய ஏத்திட்டாகளாமே, பாவம் சீஃப்" என்பார்கள். பாவமாம்! இடுப்பு உடைந்தது ஒருத்திக்கு, பாவம் இன்னொருவருக்கு. ஜீப்பையும் கேரவனையும் தட்டி நிமிர்த்தி முற்றத்துக்குக் கொண்டுவந்தபின் அந்தக் குண்டுக்குத் தொப்பி கட்டியதும் அவள்தான், வாக்கரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு.

போன கார்த்திகையில் அக்கா தூக்கத்தில் போய்விட்டாள். நெஞ்சடைப்பு என்றார்கள். அடக்க ஆராதனையில் பாடகர் குழு பாடியபோது அத்தான் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆல்டோ எது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

போன வாரத்துக்கு வருகிறேன். காலில் வடிந்த ரத்தத்தைத் துடைக்க அடுக்களைக்குப் போனேன். தேங்காயெண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் அந்தச் சிரட்டைத் தொப்பி இருந்தது, கயிறு சுற்றி வைத்தபடி. ஆள் வருவதற்குள் கட்டிவிடலாம் என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன், அதற்குள் அவர் வந்துவிட்டார். நாகர்கோவில் பக்கம் டூரிஸ்ட் தொழில் செய்கிறவர், மரியாதையான ஆள். கேரவனைச் சுற்றிவந்து பக்கவாட்டில் ஒட்டுப்போட்டிருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடிபட்ட வண்டியா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ஒரு தடவ கவுந்துட்டு. நம்ம வீட்டுக்காரி தெரியாம பாரத்தப் பின்னால ஏத்த வச்சிட்டா. பொம்பளையளுக்கு இதெல்லாம் எங்க தெரியுது?"

கல்லறையில் சிமெண்ட் காய்ந்து ஒரு மாதம் ஆகியிருக்குமா? அவளை வைத்துத்தான் இந்த வண்டியை விற்க வேண்டுமா? "ஏத்துனது இவுகதான்" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "ஏத்தாதியன்னு எங்க அக்கா சொன்னா. நானும் சொன்னேன். இவுகதான் கேக்கல." வந்தவர் என்னையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் அப்பறம் போன் பண்ணுதேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவசரமாக ஜீப்பைச் சுற்றிப் போனவர், குண்டில் காலை இடித்துக்கொண்டு "யம்மா" என்று நொண்டியபடியே வாசலைத் தாண்டினார்.

முற்றத்தில் நானும் அத்தானும் மட்டும் நின்றோம். அவர் கேரவன் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அவளாத்தான் சொன்னா. நான் சொல்லச் சொல்லல" என்றார்.

"நீங்க ஆமென் சொன்னிய அத்தான்."

 அவர் கண்கள் தளும்பின மாதிரி இருந்தது, எனக்கு இரக்கம் வரவில்லை. என் கையில் இருந்த ஊதாத் துணியை அப்போதுதான் கவனித்தார்.

"அதக் கட்டிட்டுப் போளா. வாரவுக எல்லாம் இடிச்சிக்கிடுதாக."

நான் கட்டவில்லை. தொப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்து வந்துவிட்டேன். இப்போது அது என் மேஜை மேல், திருத்த வேண்டிய பரீட்சைத்தாள்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கால் காயம் ஆறிக்கொண்டு வருகிறது. குண்டு அங்கே மொட்டையாகவே நிற்கட்டும். அந்த வழியாக அவரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நடக்கத்தானே செய்கிறார்.